வார்டு அம்மியில் அரைத்த மிளகாய்

மனநோய் வார்டில் மகளோடு இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தவள் நான். அங்கே என்ன கேட்பார்கள், என்ன செய்வார்கள், கூட இருப்பவர்கள் எதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று தெரியாமல் தவிக்கிற பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. சின்னாளப்பட்டியில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கும் இது போய்ச் சேர வேண்டும். யாரையும் மன்னித்துவிட்டு நான் எழுத உட்காரவில்லை.

நான் திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் கணவர் தபால் ஆபீசில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே பெண், வேணி. சிறு வயதிலிருந்தே அவளுக்கு எதிலும் நடுவாந்தரம் கிடையாது. ஒரு சிநேகிதி கிடைத்தால் அவள்தான் உலகம். அந்தப் பெண் ஒருநாள் வேறொருத்தியோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விட்டால் அன்று இவளுக்குச் சோறு இறங்காது. செல்லமாக வளர்ந்தது, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பத்தொன்பது வயதில் நூல் வியாபாரக் குடும்பம் ஒன்றில் கொடுத்தோம்.

அந்த வீட்டில் மாமியார் இல்லை. மாப்பிள்ளையின் அக்கா பெரியநாயகிதான் எல்லாம். மாப்பிள்ளை நூல் வாங்க வெளியூர் போகும்போதெல்லாம் வேணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பாத்திரத்தை வீசியிருக்கிறாள். வீசிவிட்டுக் காலில் விழுந்திருக்கிறாள். பிறகு தன் கையைத் தானே கீறிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். பெரியநாயகி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பேய் என்று முடிவுகட்டி, உடுக்கடிக்கிற ஒரு பூசாரியை வரவழைத்து, கூடத்து நடுவில் உட்காரவைத்துச் சாட்டையால் அடிக்கவிட்டாள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் தெரிந்தது இதுதான். ஒரு மத்தியானம் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வாடகை வண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே வேணியும் அவளுடைய தகரப் பெட்டியும். பெரியநாயகி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"உங்க சரக்க நீங்களே வச்சுக்கங்க, டீச்சரம்மா. பைத்தியத்த எங்க தலையில கட்டிட்டீக" என்றாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். என்னிடம் படிக்கிற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

ஊரில் பெயர் பெற்ற டாக்டர் ஒருவர் வேணியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹிஸ்டீரியா. ஒரு பிள்ளை பொறந்தா எல்லாம் பறந்துடும்" என்றார். தழும்பு தழும்பாக இருந்த அவள் முதுகை அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னேன், சிரித்தார். அவரையும் நான் மறக்கவில்லை.

வீட்டில் வேணி தினம் ஒரு கடிதம் மாப்பிள்ளைக்கு எழுதினாள். நான் செய்தது எல்லாம் தப்பு, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. பதில் இல்லாத நாளில் கையில் புதிய கீறல். அடித்தவர்களுக்கே கடிதம் எழுதுகிறாளே என்று எனக்கு வயிறு எரியும். அவர்கள் வந்து வாசலில் நின்று வா என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். போனால் திரும்ப உயிரோடு வரமாட்டாள் என்பதும் தெரியும். பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு மாதமும் என் பயம் இந்த ஒன்றுதான்.

என்னோடு வேலை பார்த்த ஞானசெல்வம் டீச்சர்தான் அந்த ஆஸ்பத்திரியைச் சொன்னார். சிறுமலை அடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே வெளிநாட்டில் மனநோய் வைத்தியம் படித்த டாக்டர் ஒருவர் சின்னதாக ஒரு வார்டு ஆரம்பித்திருந்தார். கம்பி போட்ட ஜன்னல்கள் இருக்கும், சங்கிலி இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். ஒரு தாழ்வாரமும் வரிசையாக ஓட்டு அறைகளும் இருந்தன. ஒவ்வொரு அறையிலும் ஒரு நோயாளி, கூடவே வீட்டு ஆள் ஒருவர். வீட்டு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். சமையலும் நம்முடையதுதான். பின்பக்கம் பொதுவாக அடுப்புகளும் ஒரு அம்மியும் ஆட்டுக்கல்லும் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெண்மணி என்னிடம், "ஒங்களுக்கா, பிள்ளைக்கா?" என்று கேட்டாள். "பிள்ளைக்கு" என்றேன். "இங்க ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது.

பரிசோதனைகள் பயப்படும்படி எதுவும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, வலிப்பு இவற்றால் வந்ததா என்று பார்த்தார்கள். பிறகு மை கொட்டி மடித்தது போன்ற படங்கள் உள்ள அட்டைகளைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். வேணி எல்லா அட்டையிலும் இரண்டு பேரையே பார்த்தாளாம். ஒருத்தி போகிறாள், இன்னொருத்தி பிடித்து இழுக்கிறாள். கரண்ட் வைப்பார்களோ என்று நான் நடுங்கியதைப் பார்த்து, இவளுக்கு அது வேண்டியதில்லை என்று டாக்டரே முதலில் சொல்லிவிட்டார்.

டாக்டர் தேவசகாயம் பெங்களூரில் வளர்ந்தவர். புத்தகத் தமிழ் பேசுவார். "இந்த நோய்க்கு மேல்நாட்டிலேயே இப்போதுதான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்டர்லைன் என்கிறார்கள். ஒரு பக்கம் பைத்தியம், ஒரு பக்கம் எல்லோருக்கும் இருக்கிற மனக்கவலை. நடுவில் இருக்கிற வரப்பில் இந்தப் பெண் நிற்கிறாள்."

"அப்ப பைத்தியம் இல்லையே?" என்றேன்.

"இல்லை. வலி அதிகம். மேல் தோல் இல்லாமல் ஒரு ஆள் வெயிலில் நடந்தால் எப்படி இருக்கும்? யாராவது தன்னை விட்டுப் போகிறார்கள் என்று தோன்றினால் இவளுக்கு அப்படி இருக்கிறது. அந்த வலிக்குப் பக்கத்தில் கையைக் கீறுவது சின்ன வலி."

"பைத்தியம் இல்லை" என்ற அந்தச் சொல்லை நான் முந்தானையில் காசை முடிந்து வைப்பது போல முடிந்து வைத்துக்கொண்டேன். என்றைக்காவது பெரியநாயகி முகத்தில் அதை எறிய வேண்டும்.

வைத்தியம் என்பது பெரும்பாலும் பேச்சுதான். இரவில் தூங்குவதற்கு ஒரு மாத்திரை. காலையில் குறித்த நேரத்தில் டாக்டரோடு ஒரு மணி நேரம். அந்த நேரம் அதிகமாகாது, குறையாது. வேணி அழுதாலும், கத்தினாலும், நல்ல பெண்ணாகச் சிரித்தாலும் மணி முடிந்தால் எழுந்துவிடுவார். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் நர்ஸ் வந்து பேசாமல் கட்டுப்போட்டுவிட்டுப் போவார். திட்டும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு டாக்டர் வருவார். முதலில் எனக்கு இது கல் நெஞ்சம் போலத் தெரிந்தது. காயம் பட்டால்தான் யாராவது வருவார்கள் என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். காயம் படாவிட்டாலும் வருவார்கள் என்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கே அது புரிய நாளாயிற்று.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதைப் பார்த்துப் பெற்றவர்கள் பயந்துபோவார்கள். காலையில் நர்ஸ் ரோசம்மா சிஸ்டர் அவளுக்குத் தெய்வம். மத்தியானம் அதே சிஸ்டர் பக்கத்து அறைப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினால் பிசாசு. நானும் அப்படித்தான். "நீ இல்லாட்டி நான் செத்துருவேம்மா" என்பாள். அரை மணி கழித்து, "நீதான என்னத் தள்ளிவிட்ட? போ, ஒம்பள்ளிக்கூடத்துக்கே போ" என்பாள். இரண்டும் அந்தந்த நேரத்தில் உண்மை.

டாக்டர் தினமும் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதானாம். கோபம் யார் மேல்? அவள் தினமும் சொன்ன பதிலும் ஒன்றுதான். என் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வருவார். ஒரு தூக்குவாளியில் சோற்றுக்கு வெஞ்சனம், ஒரு சீப்பு சிறுமலைப் பழம். மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பழத்தை உரித்து உரித்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரிச் செலவுக்காகச் சைக்கிளை விற்றுவிட்டு ஆபீசுக்கு நடந்து போகிறார் என்பது அவர் செருப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டார். "எரியோட்டுல பொண்ணு பாத்திருக்காங்களாம், மாப்பிள்ளைக்கு. மொதப் பொண்டாட்டி பைத்தியம், ஆஸ்பத்திரியில கெடக்குறான்னு சொல்லித்தான் கேட்டிருக்கா அந்தப் பெரியநாயகி."

"நீங்க என்ன சொன்னீக?"

"நான் என்ன சொல்ல? தபால் கட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்துல நின்னு எவனோ பேசிக்கிட்டுப் போறான்."

அன்று நான் சாப்பிடவில்லை. சட்டம், வக்கீல், பஞ்சாயத்து என்று எதையெதையோ யோசித்தேன். கடைசியில் மனம் போய் நின்ற இடத்தை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில், அநியாயம் செய்தவர்களை நாம் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆகிவிட்டால், அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். குளித்து, ஈரச் சேலையோடு, யார் கெட்டழிய வேண்டுமோ அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே மிளகாயை அரைக்க வேண்டும். கோயிலுக்குப் போய்த்தான் அரைக்க வேண்டும். வேணியை விட்டுவிட்டு நான் நகர முடியாது. அதனால் வார்டு அம்மியில் அரைத்து, டப்பாவில் அடைத்து, அடுத்த ஞாயிறு இவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கணக்குப்போட்டேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பூகோளமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தவள் போட்ட கணக்கு இது.

விடிகிற நேரம், மற்ற அறைகளில் யாரும் எழுந்திருக்கவில்லை. பம்பில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு உட்கார்ந்தேன். ஒரு கை நிறைய வற்றல் மிளகாய். வாய்க்குள் பெரியநாயகி, பெரியநாயகி என்று சொல்லிச் சொல்லி அரைத்தேன். கை எரிந்தது, கண் எரிந்தது. அவ்வளவு சுகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

நிமிர்ந்தால் வேணி நிற்கிறாள்.

"யாருக்கும்மா?"

மகள் முன்னால் கையும் களவுமாக அகப்பட்ட வெட்கத்தில், "கொழம்புக்குத்தான்" என்றேன்.

"ஈரச் சேலையோடயா? மல்லி வைக்கல, உப்பு வைக்கல."

"போய்ப் படு. செத்த நேரத்துல காப்பி போட்டுத் தாரேன்."

அவள் திரும்பிப் போனாள். முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் அம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு தாழ்போடும் சத்தம் கேட்டது. கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை கட்டு போதவில்லை, தையல் போட வேண்டியிருந்தது.

ஈரச் சேலை உடம்பிலேயே காய, அவசர அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"மிளகாயா? எதற்கு?"

விளக்கினேன். படித்தவள் இப்படிச் செய்யலாமா என்பார், பழிவாங்கும் எண்ணம் வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"யார் மேல்?"

"அவளோட நாத்தனா மேல."

"அதை வேணியிடம் சொன்னீர்களா?"

"இல்ல. கொழம்புக்குன்னு சொன்னேன்."

"அவளுக்கு விழிப்பு வந்ததும் முதல் வேலையாகப் போய்ச் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான். என் அரைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மருந்து மயக்கம் தெளிந்தபோது வேணியின் உதடு வெடித்திருந்தது. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"எனக்குத்தான அரைச்ச? நான் செத்துத் தொலையணும்னு."

"ஒனக்கில்லடி. பெரியநாயகிக்கு."

"பொய் சொல்ற. அங்க மதினி எனக்கு அரைச்சாக. கூடத்துல ஒக்காந்து, எம்பேரச் சொல்லி, நான் கேக்குற மாதிரியே அரைச்சாக."

எனக்கு அது புதிய செய்தி. பெற்றவளும் அதையே செய்கிறாள் என்று நினைத்துத்தான் அந்தக் கதவைத் தாழ்போட்டிருக்கிறாள்.

"பெரியநாயகிக்கு அரைச்சேன்" என்றேன் மறுபடியும். "அவ கை விழணும், அவ வாய் கோணணும், அவ குடும்பம் தெருவுல நிக்கணும்னு அரைச்சேன். ஒன்ன வண்டியில கொண்டாந்து எறக்குனாளே, அதுக்கு அரைச்சேன். ஒம்முதுகுக்கு அரைச்சேன். நெசமா."

வேணியின் முகத்தில் ஏதோ அசைந்தது. "எம்புட்டு மொளகா?" என்று கேட்டாள்.

"ஒரு கை."

"பத்தாது" என்றாள். "அந்தப் பூசாரிக்குன்னு தனியா ஒரு கை போட்டிருக்கணும்."

அவள் சிரித்ததை நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் டாக்டரோடு இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், கோபம் யார் மேல் என்ற கேள்விக்கு முதல் தடவையாக வேறு பதில் வந்தது. சாட்டை, உடுக்கு, தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்த பெரியநாயகியின் கை, எல்லாவற்றையும் சொன்னாளாம். எதிர் அறைப் பெண்மணி, "ஒம்மக போடுற சத்தத்துல எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு" என்று என்னிடம் முறையிட்டாள். எனக்கு அது நாதசுரம் மாதிரி இருந்தது.

அரைத்த விழுதை நான் வீணாக்கவில்லை. இவர் தபால் ஆபீஸ் ஆள், மூடநம்பிக்கை ஆகாது என்று ஊருக்கே சொல்கிறவர். டப்பாவைக் கொடுத்தபோது முகத்தைச் சுளித்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனதில் மூடி கசிந்து, தொடையெல்லாம் எரிந்து, நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறார். அடுத்த வாரம் வந்து, "எனக்கு இதுல நம்பிக்கை கெடையாது. ஆனா நல்லா அப்பிட்டு வந்தேன்" என்றார்.

மிளகாயோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை நர்ஸ் வந்து கட்டுப்போட்டார். ஆனால் கடிதம் எழுதுவது குறைந்தது. எழுதியதையும் டாக்டரிடம் படித்துக் காட்டிவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கோபம் வந்தால், யார் மேல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தின் கோடி வரை நடந்துவிட்டு வருவாள். பாதி நாள் அது என் மேல்தான் இருக்கும். சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த வாரம், பெரியநாயகி வந்தாள்.

வந்த காரணம் எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. எரியோட்டுக்காரர்கள் விவரமானவர்கள். முதல் மனைவி பைத்தியம் என்று டாக்டர் வாயால் கேட்டால்தான் பெண் தருவோம் என்றார்களாம். ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் அப்படிச் சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார். இருக்கிறவளைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொருத்தியைக் கட்டினால் ஜெயில் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சோறாக்க ஆள் இல்லை. ஆகவே இருக்கிறவளையே கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டாள்.

வராந்தா பெஞ்சில் மல்லிகைப்பூப் பந்தும் பலகாரப் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாக எந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தேனோ அந்த வார்த்தையைச் சொல்ல வந்திருக்கிறாள். உள்ளே போய் வேணியை ஒளித்துவைக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் வேணியே வந்துவிட்டாள்.

"வா ஆத்தா" என்றாள் பெரியநாயகி. குரலில் அப்படி ஒரு தேன். "எளைச்சுப் போயிட்டியே. நடந்தது நடந்து போச்சு. ஒம்புருசன் ஒன்னயக் கூட்டியாரச் சொல்லித்தான் என்ன அனுப்பிவிட்டான். பெட்டியக் கட்டு, போவோம்."

வேணி தூணைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனி வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. முந்தைய வேணியாக இருந்தால் அந்த முதல் வார்த்தையிலேயே காலில் விழுந்திருப்பாள்.

"அவக வரலையா?" என்று கேட்டாள்.

"சோலி கெடக்குல்ல. நான் வந்தா அவன் வந்த மாதிரிதான்."

வேணி தரையைப் பார்த்தாள்.

"நான் வரல, மதினி."

"ஏன், புருசன் வேணாமா?"

"வேணும்னுதான் தோணுது" என்றாள் வேணி. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "ராத்திரியெல்லாம் தோணுது. இப்பக்கூட ஓடியாந்துரணும்னு இருக்கு. ஆனாலும் வரல. ஒங்க மேல எனக்குக் கோவம், மதினி. பயங்கரக் கோவம்."

பெரியநாயகி என் பக்கம் திரும்பினாள். "என்ன டீச்சரம்மா, பிள்ளைக்கு நல்லாப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கீக."

முடிந்து வைத்திருந்த சொல்லை எறிய வாயெடுத்தேன். வேணி முந்திக்கொண்டாள்.

"இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்காக. வந்தவகளுக்குத் தண்ணி குடும்மா. குடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

வீட்டுக்கு வந்த அந்நியருக்குச் சொல்லுகிற சொல் அது. பெரியநாயகிக்கு அது விளங்கியது. முகம் சுருங்கிப்போனது. தாழ்வாரத்தில் எல்லா அறை வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேணி மெதுவாகத் திரும்பி எங்கள் அறைக்குள் போனாள். கதவை அவள் சாத்தவில்லை.

நான் பானைத் தண்ணீரை ஒரு பெரிய டம்ளர் நிறைய மொண்டுவந்து நீட்டினேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அங்கே வழி இல்லை. வாங்கிக் குடித்தாள். கடைசி வாய் உள்ளே இறங்கும் வரை எதிரிலேயே நின்று பார்த்தேன். பார்க்க மிகவும் நன்றாக இருந்தது.